ஒரே விரிசல், இரண்டு முடிவுகள்: ரானா பிளாசா இடிவதற்கு முந்தைய நாள்

2013 ஏப்ரல் 24 புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். சுமார் 2,500 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். அவர்களில் பலர் கையையோ காலையோ இழந்திருந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தையல் தொழிலாளர்கள், அதிலும் பெண்கள்.

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது கம்பி, சிமெண்ட், அனுமதி என்று கட்டடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அதெல்லாம் அவசியம். ஆனால் ஆலைகளில் மேலாளராக, சூப்பர்வைசராக, பாதுகாப்பு அலுவலராக வேலை செய்பவர்கள் கூர்ந்து படிக்க வேண்டியது விழுவதற்கு முந்தைய ஒரு நாளை. விரிசல் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. கட்டடம் ஒருமுறை காலியும் செய்யப்பட்டது. அதன் பிறகுதான் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். அந்த முடிவு எப்படி உருவானது என்பதே இந்த ஆய்வின் பொருள். சம்பந்தப்பட்டவர்களை அவர்கள் வகித்த பொறுப்பைக் கொண்டு மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

குட்டையாகக் கிடந்த நிலத்தை மண்கொட்டி மேடாக்கி எழுப்பிய கட்டடம் அது. வரைபடம் போடும்போது கடைகளும் அலுவலகங்களும் வருவதாகத்தான் திட்டம். முதலில் ஐந்து மாடிகளுக்கு அனுமதி வாங்கினார்கள். பிறகு மேலே மேலே மாடிகள் ஏறின. 2013 ஏப்ரலில் எட்டு மாடிகள் முடிந்து ஒன்பதாவது மாடி கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கீழ்த் தளங்களில் கடைகளும் ஒரு வங்கிக் கிளையும் இருந்தன. மேல் தளங்களில் ஐந்து ஆயத்த ஆடை ஆலைகள்.

மேசை நாற்காலி போடும் தளம் வேறு, தையல் லைன் ஓடும் தளம் வேறு. நூற்றுக்கணக்கான மெஷின்கள், அடுக்கிவைத்த துணி ரோல்கள், பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டிகள், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் ஆட்கள் என்று எடை பல மடங்காகிவிடும். இதற்கு மேல், மின்வெட்டுக்காக மேல் மாடிகளிலேயே டீசல் ஜெனரேட்டர்களை நிறுத்தியிருந்தார்கள். அவை ஓடத் தொடங்கும்போதெல்லாம் தளம் அதிர்வது அங்கே வேலை செய்தவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

தொழிலாளர்களின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 2010இல் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதக் கூலி 3,000 டக்கா (வங்கதேச நாணயம்). ஓவர்டைம் சேர்ந்தால்தான் குடும்பம் ஓடும். ஐந்து ஆலைகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் கிடையாது. ஏப்ரல் மாதச் சம்பளம் இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை. இந்தக் கடைசித் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு வங்கதேசத்தில் அரசியல் ஹர்த்தால்கள் அடுத்தடுத்து நடந்துகொண்டிருந்தன. சாலைகள் அடைபட்டு சரக்கு துறைமுகம் போய்ச் சேர்வது தாமதமானது. ஏற்றுமதி ஆடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஷிப்மெண்ட் தேதி தவறினால் பையர், அதாவது ஆர்டர் தந்த வெளிநாட்டு நிறுவனம், விலையைக் குறைப்பார், அல்லது சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வார், அல்லது ஆர்டரையே ரத்து செய்வார். திருப்பூரிலும் கரூரிலும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மேசைகளில் தினமும் ஓடும் கணக்குதான் இது.

எச்சரிக்கைகளும் புதிதல்ல. இதே சாவர் பகுதியில் 2005 ஏப்ரலில் ஓர் ஆடை ஆலைக் கட்டடம் இடிந்து 64 பேர் இறந்திருந்தார்கள். 2012 நவம்பர் 24 அன்று, பக்கத்து ஆஷுலியாவில் தஸ்ரீன் ஆலை தீப்பிடித்துக் குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அங்கே தீ அபாய மணி அடித்தபோது எழுந்த தொழிலாளர்களை, மேலாளர்கள் உட்கார்ந்து வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். ரானா பிளாசா இடிந்தது அதற்கு ஐந்தே மாதங்கள் கழித்து.

பையர்களின் சார்பில் நடக்கும் சமூகப் பொறுப்பு ஆடிட்டில் இந்தக் கட்டடத்தின் இரண்டு ஆலைகள் உட்பட்டிருந்தன. கட்டடத்தின் உறுதி அந்த ஆடிட்டின் வரம்புக்குள் வரவில்லை என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. வேலை நேரம், சம்பளப் பதிவேடு, அவசர வழி, முதலுதவிப் பெட்டி என எல்லாம் பட்டியலில் உண்டு. இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் தூண் பட்டியலில் இல்லை.

ஏப்ரல் 23: கண்ணால் கண்டது

செவ்வாய்க்கிழமை காலை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே விரிசல்கள் தெரிந்தன. தூண்களிலும் சுவர்களிலும் பிளவு. பயந்துபோன தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள், கட்டடம் காலியானது. உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று விரிசல்களைப் படம்பிடித்து அன்றே ஒளிபரப்பியது. அதாவது, நாட்டில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கக்கூடிய விரிசல் அது. யாரும் மறைத்துவைக்கவில்லை.

ஒரு பொறியாளர் அழைக்கப்பட்டார். தூண்களைப் பார்த்துவிட்டு, கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, ஆட்களை உள்ளே விடாதீர்கள் என்றார். இந்தப் பொறியாளரையும் பின்னாளில் போலீஸ் கைது செய்தது. அனுமதியில்லாத மேல் மாடிகளைக் கட்டியபோது அவர் ஆலோசகராக இருந்தார் என்பது குற்றச்சாட்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் 23ஆம் தேதி அவர் சொன்னது சரியான அறிவுரை. அது உரியவர்கள் காதில் விழவும் செய்தது.

மாலைக்குள் வேறு குரல்களும் வந்தன. உள்ளூர் நிர்வாக அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டு, பதற ஒன்றுமில்லை என்ற தொனியில் பேசியதாகச் செய்திகள் வந்தன. சுவர்ப்பூச்சுதான் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று கட்டட உரிமையாளர் சமாதானம் சொன்னார். ஆடை உற்பத்தியாளர் சங்கமோ, முறையான பரிசோதனை முடியும்வரை ஆலைகளை நிறுத்தச் சொல்லியிருந்ததாகப் பிறகு தெரிவித்தது.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

கீழே இருந்த வங்கிக் கிளை ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. கடைகளும் மூடப்பட்டன. மேலே ஐந்து ஆலைகளும் மறுநாள் காலை வேலை உண்டு என்று முடிவு செய்தன.

விரிசலும் ஒன்றுதான், பொறியாளர் சொன்ன வார்த்தையும் ஒன்றுதான். வங்கியில் இருந்தவர்களும் கட்டடப் பொறியாளர்கள் அல்ல; ஆலை மேலாளர்களுக்குத் தெரியாத எதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

வங்கி மேலாளர் நல்லவர், ஆலை மேலாளர்கள் கெட்டவர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படி முடித்தால் இந்த நிகழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. ஒரு நாள் மூடினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்த்தால் படம் தெளிவாகிறது. வங்கிக்கு ஒரு கிளையின் ஒரு நாள் அலுவல் தள்ளிப்போகும். ஊழியர் சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. ஆலையில் மூடும் ஒவ்வொரு நாளும் ஷிப்மெண்டைத் தின்னும். அந்த நஷ்டத்தைப் பையர் ஏற்கமாட்டார், கட்டட உரிமையாளர் ஏற்கமாட்டார். கடைசியில் அது ஆலைக்காரர் தலையிலும், அவர் வழியாகத் தொழிலாளியின் கூலியிலும்தான் இறங்கும். வங்கியில் மூடுவது மலிவு. ஆலையில் மூடுவதன் விலை மிக அதிகம். முடிவு அந்த விலையைப் பார்த்து எடுக்கப்பட்டது. தூணைப் பார்த்து எடுக்கப்படவில்லை.

இன்னொன்றும் நடந்தது. திறப்பது என்ற முடிவு எவர் ஒருவரின் பெயரிலும் நிற்கவில்லை. அதிகாரியே வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று உரிமையாளர் சொல்லலாம். கட்டடத்துக்காரரே பயமில்லை என்கிறார், நாம் வாடகைக்கு இருப்பவர்கள்தானே என்று ஆலைக்காரர் சொல்லலாம். மேலிடத்து உத்தரவு என்று ஃப்ளோர் மேனேஜர் சொல்லலாம். ஆடிட்டில் தேறிய ஆலை என்று கடல் கடந்த பையர் சொல்லலாம். ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டதில், முழு முடிவின் பாரம் யார் கையிலும் கனக்கவில்லை. அழுத்தம் அதிகமுள்ள இடங்களில் தவறான முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன என்பது என் கருத்து. ஆளைக் கொல்லலாம் என்று யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிப்பதில்லை.

அன்று மாலை எல்லோரும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டது “இடியுமா?” என்ற கேள்வி. அதற்கு விடை சொல்ல அங்கே யாராலும் முடியாது. விடை தெரியாத இடத்தில் ஆசை விடை சொல்லிவிடும்: நேற்று இடியவில்லை, இன்று இடியவில்லை, நாளையும் நிற்கும். கேட்டிருக்க வேண்டியது வேறு: “இடியாது என்று சொல்லத் தகுதியுள்ளவர் யாராவது சொல்லியிருக்கிறாரா?” அந்தக் கேள்விக்கு விடை எல்லோருக்கும் தெரியும். அன்று தூணைப் பார்த்த பொறியாளர் மூடு என்றார். திறக்கலாம் என்றவர்கள் பொறியாளர்கள் அல்ல. இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிவு வந்திருக்கும்.

ஏப்ரல் 24 காலை

வழக்கம்போல எட்டு மணிக்கு முன்பே தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். பலர் உள்ளே போகத் தயங்கி வாசலிலேயே நின்றார்கள். உயிர் பிழைத்தவர்கள் பிறகு சொன்ன சாட்சியங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: உள்ளே வராவிட்டால் இந்த மாதச் சம்பளம் கிடையாது என்று மிரட்டினார்கள். அடித்து விரட்டி உள்ளே அனுப்பியதாகவும் சிலர் சொன்னார்கள்.

மாதக் கடைசி. உழைத்து முடித்த மூன்று வாரக் கூலி முதலாளி கையில் இருக்கிறது. வீட்டு வாடகையும் மளிகைக்கடைக் கடனும் நிலுவையில் இருக்கின்றன. இந்த நிலையில் உள்ளே போனவர்களைப் பார்த்து, ஆபத்து தெரிந்தும் ஏன் போனார்கள் என்று கேட்பது நியாயமற்ற கேள்வி. பயிற்சி வகுப்புகளில் அந்தக் கேள்வி எழாமல் இருந்ததே இல்லை. எழும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும். மறுக்கும் உரிமை இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. மிரட்டிய மேலாளர்களுக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவர்களுக்கும் நெருக்கடி இருந்தது. அது உண்மை. ஆனாலும் சம்பளத்தைக் காட்டி ஆளை உள்ளே தள்ளிய அந்தக் கணத்தில், நெருக்கடி என்பது காரணமாகலாமே தவிர நியாயமாகாது.

மூவாயிரத்துக்கும் அதிகமானோர் உள்ளே போனார்கள். சிறிது நேரத்தில் கரண்ட் போனது. மேல் மாடிகளில் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. தளங்கள் அதிர்ந்தன. 8.57 மணியளவில் மேல் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இறங்கின.

வங்கிக் கிளை அன்று திறக்கவில்லை.

பின் நடந்தவை

முதல் நாட்களில் இடிபாடுகளுக்குள் ஊர்ந்து போனவர்களில் பயிற்சி பெற்ற மீட்புப் படையினரைவிட, பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிவந்த சாதாரண மக்கள் அதிகம். கான்கிரீட்டுக்கு அடியில் சிக்கியவர்களை வெளியே எடுக்க அங்கேயே கை கால்களைத் துண்டிக்க வேண்டியிருந்தது. 17ஆம் நாளான மே 10 அன்று ஓர் இளம்பெண் உயிருடன் மீட்கப்பட்டார். மே 13 அன்று உடல்களைத் தேடும் பணி முடிந்தது. அடையாளம் தெரியாதவர்களுக்கு மரபணுச் சோதனை செய்ய வேண்டியிருந்தது.

கட்டட உரிமையாளர் தப்பியோடி, இந்திய எல்லையான பேனாபோலில் நான்காம் நாள் பிடிபட்டார். அரசு அமைத்த விசாரணைக் குழு, நிலத்தின் தன்மை, தரமற்ற கட்டுமானப் பொருட்கள், கனரக இயந்திரங்களின் எடை, அதிர்வு ஆகியவற்றைக் காரணங்களாகச் சொன்னது. 2015இல் 41 பேர் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஒருங்கிணைப்பில் 3 கோடி டாலர் இழப்பீட்டு நிதி சேர்ந்து முடிய 2015 ஜூன் ஆயிற்று.

குறைந்தபட்சக் கூலி 2013 டிசம்பரில் 5,300 டக்காவானது. இவற்றையெல்லாம்விட, இந்த ஆய்வின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது 2013 மே மாதம் கையெழுத்தான ‘அக்கார்டு’ உடன்படிக்கை. இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகளும் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் இரண்டும் போட்ட ஒப்பந்தம் அது. முந்தைய நடத்தை விதிகளைப் போல விருப்பப்பட்டால் பின்பற்றும் அறிக்கையாக இல்லாமல், சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக எழுதப்பட்டது. மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். அப்படி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், பிராண்டு ஒன்று 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு 2018 ஜனவரியில் சமரசமானது.

அக்கார்டு பொறியாளர்கள் முதல் சுற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகளைச் சோதித்ததில் 80,000-க்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகளைக் கண்டார்கள். சோதனை அறிக்கைகள் பொதுவில் வெளியிடப்பட்டன. ஆபத்து என்று நியாயமாகக் கருதினால், கூலி இழக்காமல் வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது.

எங்கே மாறியிருக்க முடியும்

கட்டடம் எழும்பிய ஆண்டுகளிலேயே தடுத்திருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் 23ஆம் தேதி மாலை ஆலையில் பொறுப்பில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பேச்சு உதவாது. அவருக்கு என்ன கைகொடுத்திருக்கும்?

முதலில், நிறுத்தும் அதிகாரமும் திரும்பத் தொடங்கும் அதிகாரமும் வேறு வேறு கைகளில் இருந்திருக்க வேண்டும். அன்று காலை தொழிலாளர்கள் தாங்களாகவே வெளியே வந்தார்கள், நிறுத்துவது நடந்துவிட்டது. திறப்பதில்தான் எல்லாம் கெட்டது. உற்பத்திக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே திறப்பதையும் முடிவு செய்தார்கள். கட்டட உறுதி குறித்துச் சந்தேகம் வந்து ஒரு தளம் காலியானால், ஆலையோடும் கட்டட உரிமையாளரோடும் தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் அனுமதிக்காமல் எந்த ஆளும் உள்ளே போகக்கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு எழுதினால், எழுதுகிற கையே நடுங்கும்.

அடுத்தது, சந்தேகத்தைச் சொல்பவரின் பாதுகாப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு விலகும் தொழிலாளியைப் பழிவாங்கக்கூடாது என்கிறது. 2022 ஜூனில் அதை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக்கினார்கள். இந்தியாவில், போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்த 41எச் பிரிவு, அபாயகரமான செயல்முறை நடக்கும் ஆலைகளின் தொழிலாளர்கள் உடனடி ஆபத்தை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர வழி செய்தது. அது எச்சரிக்கும் உரிமை. வேலையை மறுக்கும் உரிமை அல்ல. சாதாரணத் தையல் ஆலையை மனதில் வைத்து எழுதியதும் அல்ல. ஆகவே நம் ஊர் பின்னலாடை யூனிட்டுகள், குறிப்பாக வாடகைக் கட்டடத்தின் மேல் மாடிகளில் ஓடுபவை, சட்டத்துக்குக் காத்திராமல் தங்கள் நிலையாணையிலேயே (ஆலையின் பணி விதிகளிலேயே) இதைச் சேர்த்துக்கொள்ளலாம். பாதுகாப்புக் குழுக் கூட்டப் பதிவேட்டில் “விரிசல் கண்டதாகத் தெரிவித்தவர், தேதி, தளம், தூண்” என்று ஒரு பத்தி ஒதுக்குவதுகூட ஒரு தொடக்கம்தான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பணம். ஆலை முதலாளிகளிடம் இந்த நிகழ்வைப் பேசினால், விரிசலைப் பற்றியோ பொறியாளரைப் பற்றியோ அதிகம் கேட்கமாட்டார்கள். மூடிய நாளின் கூலியை யார் தருவது, தாமதமான ஷிப்மெண்டுக்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை இல்லாதபோது நெறி பற்றிய எந்த வகுப்பும் காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்காது.

அக்கார்டு இந்த இடத்தில் இரண்டு விஷயங்களை எழுத்தில் வைத்தது. பாதுகாப்புக்காக ஆலையை மூடினால், ஆறு மாதம் வரை தொழிலாளியின் வேலையும் வழக்கமான வருமானமும் தொடர வேண்டும். பாதுகாப்பான ஆலையை நடத்துவதும் சீர்செய்வதும் ஆலைக்குக் கட்டுப்படியாகும் விதத்தில் பிராண்டுகள் தங்கள் வணிக விதிமுறைகளைப் பேசி முடிக்க வேண்டும். பையரோடு அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், தாமத அபராதம் பற்றிய பத்தியில், தகுதி பெற்ற பொறியாளர் எழுத்தில் நிறுத்தச் சொன்ன நாட்கள் தாமதக் கணக்கில் வராது என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்கலாம். பெரிய ஏற்றுமதியாளர்கள் கேட்டால் கிடைக்கக்கூடிய வரி அது. ஜாப் ஒர்க் எடுக்கும், அதாவது பிறர் ஆர்டரைக் கூலிக்குச் செய்து தரும் சிறு யூனிட்டுகள் தனியாகக் கேட்டால் கிடைக்காது. அவர்களுக்காக உற்பத்தியாளர் சங்கங்கள்தான் கேட்க வேண்டும்.